கேள்வி கேட்கப் பயப்படாதே!

"பாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நமக்கென்ன தெரியும்?"

இந்த "நமக்கென்ன தெரியும்" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடு, தம்பி. தங்கையே, நீயும்தான். உனக்கு வாசிக்கத் தெரியும். யோசிக்கத் தெரியும். கடைத்தெருவில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சொத்தையைத் தள்ளிவிட்டு நல்லதைப் பொறுக்கத் தெரியும். ஆத்துமா விஷயத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு பையை நீட்டுகிறாய்?

சிநேகிதர் ஒருவர் புதிய சபைக்கு உன்னை அழைத்துப் போகிறார். பாட்டு உருக்குகிறது. உன் பெயரைச் சொல்லி அன்பாக விசாரிக்கிறார்கள். ஆனால் உபதேசம் எங்கோ இடிக்கிறது. மெதுவாகக் கேட்கிறாய். "அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்காதே, சாபம் வரும்" என்று பதில் வருகிறது. அந்த நிமிடம் குனியாதே. நிமிர்ந்து உட்கார்!

பெரோயா ஊரை நினைத்துக்கொள். அங்கே வந்து பிரசங்கித்தவர் யார்? பவுல். அந்த ஊர் மக்கள் வசனத்தை ஆசையோடு கேட்டார்கள். கேட்டது சரிதானா என்று தினமும் வேதத்தைப் புரட்டியும் பார்த்தார்கள். அதற்காக அவர்கள்மேல் சாபம் வரவில்லை. தெசலோனிக்கே ஊராரைவிட நல்லவர்கள் என்ற பாராட்டுதான் அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கலாத்தியருக்கு எழுதும்போது பவுலே இன்னும் ஒரு படி மேலே போகிறார். தானோ, வானத்துத் தூதனோ வந்து வேறு சுவிசேஷம் சொன்னாலும் ஏற்காதீர்கள் என்கிறார். பவுலையே சோதித்துப் பார்க்கலாம் என்றால், உன் எதிரே மைக் பிடித்து நிற்பவர் எம்மாத்திரம்?

ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெளித்தோற்றத்தைப் பார்க்கிறார்கள். வில்லியம் பூத் 1865-ல் லண்டனின் ஏழைப் பகுதியில் தொடங்கிய ஊழியம் பிறகு இரட்சணிய சேனை ஆனது. பட்டாளத்துச் சீருடை, தெருவில் பேண்டு வாத்தியம். ஞானஸ்நானமும் திருவிருந்தும்கூடக் கிடையாது. கௌரவமானவர்கள் முகம் சுளித்தார்கள். தெருவில் அடியும் விழுந்தது. ஆனால் அவர்கள் பிரசங்கித்தது சிலுவையில் அறையப்பட்டு உயிர்த்தெழுந்த இயேசுவை. தேடிப் போனது குடிகாரனையும் பட்டினி கிடந்தவனையும். நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனை அவர்களுடையதுதான்.

இனி மறுபக்கம் பார். ஜிம் ஜோன்ஸ் 1950-களில் இண்டியானாபோலிஸ் நகரில் தொடங்கிய மக்கள் ஆலயம், 1960-ல் அமெரிக்காவின் அறியப்பட்ட திருச்சபைப் பிரிவு ஒன்றில் சேர்க்கப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். 1976-ல் சான் பிரான்சிஸ்கோ வீட்டுவசதி ஆணையத்தில் ஜோன்ஸுக்குப் பதவி கிடைத்தது. வெளியே எல்லாம் பளபளப்பு. உள்ளே? கோழிக் குடலைக் காட்டி, புற்றுநோய்க் கட்டி வெளியே வந்துவிட்டது என்றார்கள். ஜோன்ஸ் மேடையிலேயே வேதப் புத்தகத்தைத் தரையில் வீசினார். வானத்தில் இருக்கும் கடவுளைக் கேலி செய்தார். தன்னையே நம்பச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "அப்பா" என்று அவரை அழைத்தபடி சொத்தையும் சம்பளத்தையும் கொடுத்தார்கள். வேதம் தரையில் விழுந்த அன்றே எழுந்து வெளியே நடந்திருக்க வேண்டும்!

முடிவு, அவர்கள் போய்க் குடியேறிய கயானா காட்டில் வந்தது. 1978 நவம்பர் 18. ஜோன்ஸ்டவுன் என்ற அந்தக் குடியிருப்பில் சயனைடு கலந்த பானம். 909 பேர் பிணமானார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர்கள், குழந்தைகள்.

அந்தக் கடைசிக் கூட்டம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அதில் ஒரு பெண் எழுந்து பேசுகிறார். பெயர் கிறிஸ்டின் மில்லர். சாகாமல் வேறு வழி இல்லையா, ரஷ்யாவுக்குப் போக முடியாதா என்று கேட்கிறார். இந்தப் பிள்ளைகள் வாழ வேண்டியவர்கள் என்று வாதாடுகிறார். தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறார். கூட்டம் கத்தி அவரை அடக்குகிறது. அவரும் அங்கேயே இறந்தார். துப்பாக்கிக் காவலுக்கு நடுவே அந்த அம்மாவுக்கு இருந்த துணிச்சலில் கால்வாசி போதாதா உனக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்குவதற்கு?

பழைய கதை என்று தள்ளாதே. 2023-ல் கென்யாவின் ஷகஹோலா காட்டிலிருந்து 400-க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். பட்டினி கிடந்து செத்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று போதித்ததாக ஒரு போதகர்மேல் வழக்கு.

ஆகவே கேள். உங்கள் சபையில் இயேசு யார்? கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அறிக்கையிட்டபடி, மனிதனாக வந்த மெய்யான தேவனா, அல்லது வந்து போன பலரில் ஒருவரா? அவர் சிலுவையில் செய்தது போதுமா, அதற்குமேல் உங்கள் தலைவரும் வேண்டுமா? வேதத்துக்கு மேலே இன்னொரு புத்தகம் வைத்திருக்கிறீர்களா? இரட்சிப்பு உங்கள் உறுப்பினர் பட்டியலில் மட்டும்தானா? இயேசு திரும்பி வரும் தேதியைக் குறித்துக் கொடுத்தால் அங்கேயே நிறுத்து. அந்த நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு தேதியை நம்பிய வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்து அழுததுதான் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் விலகிப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேள். அந்தப் பதிலைக் கூர்ந்து கவனி.

உபதேசம் தவறு என்று தெரிந்த பிறகும் அங்கே இருப்பவர்களை வெறுக்காதே. அவர்களும் கடவுளைத் தேடி வந்தவர்கள்தான். தவறைத் தவறு என்று சொல், அவர்களிடம் அன்பாக இரு.

"நான் படிக்காதவன், எனக்கு எபிரேயம் தெரியாது" என்று பின்வாங்காதே. உன்னைப் போன்றவர்கள் வாசிக்கத்தான் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் உட்கார்ந்து வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகிவிட்டது. முந்நூறு ஆண்டுகளாக அந்தப் புத்தகம் உன் மொழியில் இருக்கிறது. உனக்கும் அதற்கும் நடுவே நின்று, திறக்காதே என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை.

இன்று இரவே எடு. மாற்குவிலிருந்து தொடங்கி, மேடையில் கேட்டதை வரிவரியாக ஒப்பிட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று மரியாதையாக, ஆனால் சத்தமாகக் கேள். பதில் சொன்னால் உட்கார்ந்து கேள். மிரட்டினால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வா!