அட்டைக்கடிக்கு இரண்டு தீர்ப்பு

வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் ஊவாவின் தேயிலை மலைகளில் அட்டைக்குப் பஞ்சமில்லை. குடித்துக் கொழுத்த அட்டை தானாக விழுந்த பிறகும் கடிவாயில் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி வுழூவோடு இருப்பவரை அட்டை கடித்தால் அந்த வுழூ முறியுமா? முறியாது, கழுவிவிட்டுத் தொழலாம் என்கிறது ஷாஃபி மத்ஹப், அதாவது ஷாஃபி சட்ட மரபு. வழிந்தோடும் அளவுக்கு இரத்தம் வந்தால் முறிந்துவிடும் என்கிறது ஹனஃபி மத்ஹப். அட்டையைப் பெயர் சொல்லியே விவாதிக்கும் ஹனஃபி நூல்கள் உண்டு. அட்டை கடிக்கும் ஊவாவின் பதுளையில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல; யார் எந்த மத்ஹப் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிகள். காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்களும் அப்படியே. தமிழகத்து ராவுத்தர்களோ ஹனஃபிகள்.

இரு தரப்புக்கும் ஆதாரம் உண்டு. நபி (ஸல்) காலத்துத் தாத்துர் ரிகாஃ படையெடுப்பின்போது, இரவுக் காவலில் தொழுதுகொண்டிருந்த அன்ஸாரித் தோழர் ஒருவர்மீது அம்புகள் பாய்ந்தன. இரத்தம் வழிந்தும் அவர் தொழுகையை விடவில்லை. அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் உள்ள இச்செய்தி ஷாஃபிகளுக்கு ஆதாரம். அது ஒரு தனித் தோழரின் செயல், நபி (ஸல்) அறிந்து ஏற்றதாக அதில் இல்லையே என்பது ஹனஃபிகளின் மறுப்பு. மேலும், தொடர் உதிரப்போக்குள்ள பெண் ஒவ்வொரு தொழுகைக்கும் வுழூ செய்யவேண்டும் என்ற கட்டளையை எடுத்து, அதை உடலில் எங்கிருந்து வழியும் இரத்தத்துக்கும் கியாஸ் (ஒப்புநோக்கு) மூலம் நீட்டுகிறார்கள். முடிச்சு இங்கேதான் இருக்கிறது: வுழூவை முறிப்பது இரத்தமா, அது வெளிவந்த வழியா? கட்டளையின் காரணத்தை ஆராய்ந்தே கண்டெடுக்க வேண்டியிருக்கிறது. மத்ஹபுகள் பிரிந்தது இந்த ஆராய்ச்சி முறையில்தானே தவிர, நம்பிக்கையில் அல்ல. ஹனஃபி மத்ஹபின் இமாமான கூஃபாவின் அபூஹனீஃபா மறைந்த 767ஆம் ஆண்டில் பிறந்த இமாம் ஷாஃபி, மதீனாவில் இமாம் மாலிக்கிடமும், பின்னர் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் ஷைபானியிடமும் படித்தவர். எகிப்துக்குப் போன பிறகு தம் சொந்தத் தீர்ப்புகளையே பலவற்றில் மாற்றிக்கொண்டார்.

மத்ஹபுகளால் சமுதாயம் பிளந்தது என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மக்காவின் ஹரம் பள்ளிவாசலிலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நான்கு மத்ஹபுக்கும் தனித்தனி இமாம்கள் தொழுவித்தார்கள். நம் இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மத்ஹபைப் பிறப்போடு ஒட்டிய பிரிவு போலவே நடத்துகிறது: மணமகள் ஷாஃபி என்றால் வலீ (பொறுப்பாளர்) இல்லாமல் நிக்காஹ் செல்லாது; ஹனஃபி சட்டத்திலோ வயதுவந்த பெண் தானே ஒப்பந்தம் செய்யலாம். ஆராய்ச்சி முத்திரையாக இறுகிப்போனதுதான் குறை என்பேன். அதற்கு ஆராய்ச்சியைப் பழிப்பதில் நியாயமில்லை. இமாம்களை விடுங்கள், குர்ஆனும் ஹதீஸும் போதும் என்பவர்களின் ஆதங்கம் நேர்மையானது. ஆனால் அம்பு பட்ட காவலரின் செய்தியும் ஹதீஸ்தான்; உதிரப்போக்குள்ள பெண்ணுக்கான கட்டளையும் ஹதீஸ்தான். அட்டை கடித்த காலோடு ஒருவர் வந்து நின்றால், எதை எதனோடு பொருத்துவது என்று அவர்களும் சொல்லித்தானே ஆகவேண்டும்? சொன்ன மாத்திரத்தில் அவர்கள் ஷாஃபியின் பக்கமோ அபூஹனீஃபாவின் பக்கமோ நின்றுவிடுகிறார்கள்.