தண்டியடிகளின் கயிறு

நாயன்மார்களில் ஒருவரான தண்டியடிகளின் கதையை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முடிவைத்தான் முதலில் சொல்வார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர், கோயில் குளமான கமலாலயத்தில் மூழ்கி எழுந்தார், கண் வந்தது. நான் திருவாரூர்க்காரி, தமிழாசிரியை. எனக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. சின்ன வயதில் என்னை அந்தக் குளத்துப் படிக்கு அழைத்துப் போகாத உறவினர் இல்லை. ஆனால் தண்டியடிகள் அந்தக் குளத்தைத் தோண்டியது எப்படி என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. மதுரைத் திட்டத்தார் 1998 பொங்கலில் தொடங்கி, பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். அங்கே சேக்கிழாரின் பெரிய புராணத்தை நானே படித்தபோதுதான் தெரிந்தது.

குளத்துக்குள் ஒரு தறி (நடுகம்பு), கரையில் ஒரு தறி நட்டு, இடையே கயிறு கட்டுகிறார் தண்டியடிகள். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பிக்கொண்டு, கயிற்றைத் தடவியபடியே கரையேறிக் கொட்டுகிறார். தடவியபடியே திரும்புகிறார். கண் இல்லாமலே வேலை நடக்கிறது! எதிர்த்தவர்கள் மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, கயிறு கட்டிய தறிகளைப் பிடுங்கிய பிறகுதான் அவர் கை ஓய்கிறது. அவர்களைச் சமணர் என்கிறார் சேக்கிழார். அது அந்தக் காலத்துச் சமயப் பூசல், அதை நான் சுமக்க வேண்டியதில்லை. கயிற்றைப் பறித்த செயலில்தான் என் மனம் நிற்கிறது.

என் கயிறு என்விடிஏ. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார், ஜேம்ஸ் டெஹ் சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை இல்லை. தங்களுக்கான தறியைத் தாங்களே நட்டுக்கொண்டவர்கள். என்விடிஏ தமிழும் பேசும்.

ஆனால் ஒரு கோயிலின் இணையதளத்தில் அர்ச்சனைக்குப் பதிவு செய்யப் போனபோது அந்தக் கயிறு அறுந்தது. டேப் விசையைத் தட்டத் தட்ட, "பட்டன்", "பட்டன்", "படம்", மறுபடி "பட்டன்". எது அர்ச்சனை, எது அபிஷேகம், ஒன்றுக்கும் பெயரில்லை. நட்சத்திரம் கேட்கும் பெட்டியும் பேர் கேட்கும் பெட்டியும் ஒரே மாதிரி ஒலித்தன. கடைசியில் படத்தில் இருக்கும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லி நின்றுவிட்டது. அதைக் காதால் கேட்க வழி வைக்கவில்லை. அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக்கொடுத்தார். "என்னடி செய்யறது, எல்லாம் போன ஜென்மத்து வினை" என்றார்.

நான் வினையை மறுப்பவள் இல்லை. என் கண்ணுக்கு அது காரணமா என்பதைச் சிவனிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தப் பட்டனுக்குப் பெயர் இல்லாதது என் வினை அல்ல. ஒருவர் எழுதாமல் விட்ட ஒரு வரி அது. படத்துக்கு மாற்று உரை எழுதுங்கள் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 1999இலேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. வினைக் கொள்கை செய்தவனைத்தானே கேட்கிறது? செய்யத் தவறியவனை விட்டுவிட்டு, தடுக்கி நிற்பவளின் முற்பிறவியைக் கிளறுவது என் சமயத்துக்கே செய்யும் அநியாயம்.

புண்ணியம் என்று நினைத்து உதவ வருபவர்களும் உண்டு. அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் புண்ணியம் செய்பவர் நாளை செய்யாமலும் இருக்கலாம், அவரை யாரும் கேட்க முடியாது. உரிமை என்றால் கேட்கலாம். அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களை, வங்கிக் கணக்குக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவர்களால் முடியவில்லை. அவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொன்னது: டிஜிட்டல் சேவைகள் எட்டும்படி இருப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும். அப்படியானால் இது செய்துதீர வேண்டிய கடன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது இணையதளம் வடிவமைக்கிறான். கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப் பணிக்குப் போக ஆசை, வார நாளில் நேரமில்லை டீச்சர் என்றான். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்ப்பா என்றேன். மௌஸைக் கழற்றி வை, திரையை அணை, என்விடிஏவைப் போட்டுக்கொண்டு நீ செய்த தளத்தில் ஒரு அர்ச்சனைச் சீட்டு வாங்கு. எந்த இடத்தில் நிற்கிறாயோ, அங்கிருந்து தொடங்கு.