பூனையின் பல்லும் அக்காவின் பல்லும்

என் பூனைக்குப் பல் பிடுங்க 22,000 ரூபாய் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். பணத்தை எங்கே புரட்டுவது என்று யோசிப்பதற்கு முன்பே, இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற யோசனை எனக்கு வந்துவிட்டது.

மாயாவுக்கு ஒன்பது வயது. மீன் வாசனைக்கு ஓடி வருபவள், சில மாதங்களாகத் தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுப் பின்வாங்கினாள். எச்சில் வடிந்தது, வாய் நாறியது. வயதாகிவிட்டது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பூனைகள் வலியை எளிதில் காட்டிக்கொள்வதில்லை. கட்டிலுக்கடியில் ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மருத்துவர் வாயைத் திறந்து காட்டியபோது ஈறும் தொண்டையோரமும் ரத்தச் சிவப்பாகப் புண்ணாகி இருந்தன. பல்மேல் படியும் அழுக்குக்கு எதிராக உடலே அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழும் நோய் இது என்றார். மாத்திரையில் அடங்கும், பிறகு திரும்பி வரும். பல பூனைகளுக்குக் கடைவாய்ப் பற்களையோ எல்லாப் பற்களையுமோ எடுத்துவிடுவதுதான் நிலையான நிவாரணம். பல் இல்லாமலேயே அவை நன்றாகச் சாப்பிடும்.

பூனைக்கு முப்பது பற்கள். வாயைத் திற என்றால் அது திறக்காது, ஆகவே முழு மயக்கம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. ஈறுக்குள் புதைந்த வேரைப் பார்க்க எக்ஸ்ரே. இரண்டு மூன்று வேருள்ள பல்லை அறுத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். பிறகு தையல், வலிமருந்து. செலவு ஏன் இவ்வளவு என்பது எனக்குப் புரிந்தது. வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போயிருந்தால் மலிவாக முடிந்திருக்கும். அதற்குக் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாளில் முடிகிற வேலையும் அல்ல. எனக்கு அத்தனை நாள் விடுப்பு இல்லை. விடுப்பு இல்லாததைப் பணம் கொடுத்துச் சரிசெய்தேன். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தம்பி கேட்டான்: "பூனைக்குப் பல் வைத்தியமா? அந்தக் காசுல ஒரு ஏழைக்கு வைத்தியம் பாக்கலாமே, அக்கா."

போன தீபாவளிக்கு அவன் தன் பைக்குக்கு அலாய் சக்கரமும் புதிய சைலன்சரும் மாட்டினான். அன்று வீட்டில் ஒருவரும் எந்த ஏழையையும் நினைவுபடுத்தவில்லை. ஆணின் விருப்பத்துக்கு ஆகும் செலவு அவன் சொந்த விஷயமாக இருக்கிறது. பெண் தான் பராமரிக்கும் ஓர் உயிருக்குச் செலவழித்தால் உலகத்தின் வறுமை முழுவதையும் கொண்டுவந்து எதிர்த்தட்டில் வைக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய விவாதம் உதவியது. ஒழுக்க உணர்வு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் ஒரு கதையைச் சொல்லிக் கேள்வி கேட்பார். ஹைன்ஸ் என்பவரின் மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்துக்கடைக்காரர் கேட்கும் விலையை அவரால் கொடுக்க முடியவில்லை. மருந்தைத் திருடலாமா, கூடாதா? கரோல் கில்லிகன் 1982இல் வெளியிட்ட 'இன் எ டிஃபரண்ட் வாய்ஸ்' நூலில் பதினொரு வயதுக் குழந்தைகள் இருவரின் பதிலை எடுத்துக்கொண்டார். சிறுவன் ஜேக் அதைக் கணக்குப் போலப் போட்டான்: சொத்தைவிட உயிர் பெரிது, ஆகவே திருடலாம். சிறுமி ஏமி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுத்தாள். கடன் வாங்கலாமே, கடைக்காரரிடம் பேசலாமே, கணவன் சிறைக்குப் போய்விட்டால் அவளை யார் பார்ப்பது என்று கேட்டாள். கோல்பெர்க்கின் அளவுகோலில் அவள் ஜேக்கைவிடக் கீழே இருந்தாள். அளவுகோலிலேயே கோளாறு இருக்கலாம் என்று கில்லிகன் காட்டினார்.

பூனையா மனிதரா என்ற கேள்வியையும் ஏமியைப் போலவே அணுக வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதை இப்படி இரண்டாகப் பிரித்து வைத்தது யார்? தராசில் பைக் ஏன் இல்லை? தம்பிக்குப் பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு மறுநாள் முன்பணம் கட்டினேன்.

அன்று மாலை, எங்கள் வீட்டில் எட்டு வருடமாக வேலை செய்யும் அக்காவிடம் மாயாவைப் பற்றிச் சொன்னேன். தரையைத் துடைத்தபடியே சொன்னார்: "பாவம், நல்லா ஆகட்டும்மா. எனக்குக்கூடக் கடவாப்பல்லு ஒரு வருசமா வலிக்குது. கிராம்பு வச்சு அடக்கிக்கறேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தம்பி சொன்னதும் அக்கா சொன்னதும் கிட்டத்தட்ட ஒரே கணக்குதான். ஆனால் தம்பிக்குச் சொன்ன பதிலை இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பிக்கு ஏழை என்பவர் என் வாயை அடைக்க ஒரு வார்த்தை. அக்காவுக்கு அது அவருடைய சொந்தக் கடைவாய்ப் பல். தம்பிக்கு என்னிடம் எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை. அக்காவுக்கு இருக்கிறது, அவர் உழைப்பில்தான் என் வீடு நடக்கிறது.

மறுபடி ஏமியைப் போலக் கேட்டுப் பார்த்தேன். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, ஏன் போகவில்லை? போனால் ஒரு நாள் போகும். அவர் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். மாதம் இரண்டு நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் மூன்று வீட்டிலும் சம்பளத்தில் பிடிப்பார்கள். மூன்றில் ஒன்று என் வீடு. எனக்கு விடுப்பு இல்லாததைப் பணம் கொடுத்து ஈடுகட்டினேன் என்றேனே, அக்காவுக்கு விடுப்பு இல்லாமல் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென்று 2007இல் நலவாரியம் வந்தது. 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 189ஆம் உடன்படிக்கை அவர்களுக்கு வாரம் தொடர்ந்து இருபத்திநான்கு மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா இதுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆகவே அக்காவின் ஓய்வு என் மனநிலையைப் பொறுத்ததாகவே இருந்துவந்தது.

என் அம்மாவையும் நினைத்துக்கொண்டேன். நாற்பது வயதுக்குள் அவருடைய கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தம்பிக்கு முன்பல் உடைந்தபோது ரூட் கெனால் செய்து உறை போட்டோம். அம்மா மட்டும் "பிடுங்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்பார். மாயாவுக்குப் பல்லை எடுப்பதுதான் சரியான மருத்துவம். அம்மாவுக்கு அது நேரமில்லாதவர்களுக்கான மருத்துவம்.

மாயாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அக்காவுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று மாற்றினேன், சம்பளத்தையும் கூட்டினேன். இதைத் தர்மமாகச் சொல்லவில்லை, எட்டு வருடம் தாமதமாகத்தான் செய்தேன். அக்கா மருத்துவமனைக்குப் போனார். பல்லைக் காப்பாற்றலாம், நாலைந்து முறை வர வேண்டும் என்றார்களாம். இரண்டாம் முறை போனவர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். "மத்த ரெண்டு வீட்டுலயும் பிடிக்கறாங்கம்மா. அத்தனை தடவை யாரு போறது?"

மாயாவுக்குச் செலவழித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவளைத் தெருவிலிருந்து எடுத்துவந்து ஒரு ஃபிளாட்டுக்குள் வைத்தது நான். அவள் வலிக்கு வேறு யாரிடமும் போக முடியாது. அக்காவுக்கு நான் பட்ட கடன் வேறு. ஒன்றைக் கட்டியதால் மற்றது கழிந்துவிடாது, ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடவும் முடியாது. மற்ற இரண்டு வீடுகளும் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கின்றன. இரண்டிலும் வீட்டுக் கணக்கைப் பார்ப்பவர்கள் என்னைப் போல வேலைக்குப் போகும் பெண்கள்தான். அவர்களிடம் இன்னும் நான் பேசவில்லை.