கஜாவும் ஜாயிஹாவும்

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், ஆலங்குடி வட்டாரத்தை என்ன செய்துவிட்டுப் போயிற்று என்பதை இங்குள்ளோருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகவே சொல்லுகிறேன்: கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று எப்பக்கம் போனாலும் தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. பாட்டன் வைத்த மரத்தைப் பேரன் அறுத்து விறகாக்கினான். உதவி வரத் தாமதமாயிற்று என்ற கொதிப்பில் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்களுக்கே தீ வைக்கப்பட்டது.

அதன் பின் சில வாரங்கள் கழித்து இருவர் என்னிடம் வந்தனர். ஒருவர் தோப்புக்காரர், மற்றவர் அத்தோப்பைக் குத்தகைக்குப் பேசி முன்பணம் கொடுத்திருந்த தேங்காய் வியாபாரி. இருவரும் நம் ஜமாஅத்தாரே. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்திருந்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் அது 1,92,500 ரூபாய். "ஹஜ்ரத், பட்டாவில் பெயர் இவருக்கு, பணமும் இவருக்கு. என் முன்பணம் காற்றோடு போக வேண்டியதுதானா?" என்றார் வியாபாரி. "புயலை நானா அழைத்து வந்தேன்?" என்றார் தோப்புக்காரர்.

காய்க்காத காயை ஆண்டுக்கணக்கில் விற்பதையே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்று முதலில் சொன்னேன். இருவருமே முகம் சுளித்தனர். ஆகவே, புயலன்று மரத்தில் இருந்த காயைப் பற்றி மட்டும் பேசலானோம்.

மரத்தின் கனியை விற்றபின், பறிக்குமுன் வந்து அழிக்கும் ஆபத்துக்கு ஃபிக்ஹு நூல்களில் 'ஜாயிஹா' என்று பெயர். அவ்வாறு அழிந்தால் வாங்கிய சகோதரனிடம் விலை பெறுவது ஆகாது என்னும் கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இழப்பு மூன்றில் ஒரு பங்கை எட்டினால் தள்ளுபடி கடமை என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய கருத்தில் அது கடமையன்று, விரும்பத்தக்கது. நம் நாட்டிலும் பயிர் நிவாரணத்துக்கு முன்பு 50 விழுக்காடு சேதம் வேண்டும் என்றிருந்ததை 2015இல் 33 விழுக்காடாகக் குறைத்தார்கள். மதீனத்து இமாமின் அளவுகோலை ஒட்டி டெல்லியும் வந்து நின்றது எனக்கு வியப்பாகவே இருந்தது.

அரசு கொடுப்பது தருமமா, உரிமையா? சட்டம் அதைக் கருணைத் தொகை என்றே அழைக்கிறது. ஆயினும் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு விதிக்கும் கடமையைத் தட்டிக்கழிக்க இயலாது என்று, கொரோனா மரணங்கள் குறித்த வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் மார்க்கத்திலும் கையேந்துதல் இழிவு; ஆனால் ஆபத்தில் பொருளிழந்தவன் நிலை நிமிரும் வரை கேட்கலாம் என்று கபீஸா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. வெள்ளம் கொண்டுபோன பொருளுக்குரியவனை ஸகாத் பெறும் கடனாளிகளில் ஒருவனாக முஜாஹித் (ரஹ்) எண்ணுகிறார்கள். 'நிலை நிமிரும் வரை' என்பதைக் கவனியுங்கள். அதில் உதவியின் அளவும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. பட்டாவைப் பார்த்துக் கொடுக்கும் தொகை இரண்டையும் பார்ப்பதில்லை. நூறு ஏக்கர் உடையவருக்கும் பத்து மரம் உடையவருக்கும் மரத்துக்கு ஒரே விலை. குத்தகைக்காரனுக்கும் மட்டை முடையும் பெண்ணுக்கும் மரக்கணக்கில் இடமே இல்லை. திருத்தம் வேண்டியது முதலில் இங்கேதான்.

"அரசு தரும் என்ற நம்பிக்கையே மக்களைச் சோம்பேறியாக்குகிறது" என்று பேசும் படித்தவர்களும் உள்ளனர். அவர்களுடன் நான் முழுக்க உடன்படவில்லை. ஆனால் முழுக்க மறுக்கவும் வழியில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். அம்வாஸ் கொள்ளைநோயின்போது படையைத் திருப்பிய உமர் (ரலி) அவர்கள், விதியினின்று விதிக்கே போவதாக விடையிறுத்தார்கள். தென்னைக்கு நாம் போட்ட கட்டு எது? தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் 2009 முதல் இருந்தது. 16 வயது கடந்த மரத்துக்கு ஆண்டுப் பிரிமியம் 14 ரூபாய். பாதியை வாரியமும் காற்பங்கை மாநில அரசும் ஏற்க, உடையவர் தருவது மூன்றரை ரூபாய். மரம் பட்டால் 1,750 ரூபாய். அரசு கொடுத்ததைவிட இது மிகுதி! என்னிடம் வந்த இருவரும் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. சொல்லாதது அதிகாரிகளின் குற்றமென்றால், கேளாதது நம் குற்றம்.

காப்பீடு கூடுமா என்று ஆலிம்கள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி வணிகக் காப்பீட்டை மறுத்து, பரஸ்பர உதவியாய் அமையும் கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. முக்கால் பங்கை அரசே சுமக்கும் ஏற்பாடு வணிகத்தைவிட உதவிக்கே நெருக்கமானது என்பது என் சொந்த எண்ணம். அதை ஃபத்வாவாகக் கொள்ள வேண்டாம். அதுவும் வேண்டாமென்போர், உணவு குறைந்தபோது உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ கூட்டத்தாரைப் போல், ஜமாஅத் பைத்துல்மாலில் ஆண்டுக்கு மரத்துக்கு மூன்றரை ரூபாய் சேர்க்கலாமே! புயல் ஓய்ந்த பின் உண்டியல் ஏந்துவதில் நாம் வல்லவர்கள். புயலுக்கு முன் கூட்டம் போட்டு நான் கண்டதில்லை.

தோப்புக்காரர் இரண்டு நாள் யோசித்தார். கடமையில்லாவிட்டாலும் விரும்பத்தக்கது என்றீர்களே என்று, பறிக்காத வெட்டுகளுக்குரிய பணத்தை இரு தவணையில் திருப்பிக் கொடுத்தார். மறு ஆண்டு அதே கொல்லையில் கன்று நட்டார். மரம் நான்கு வயதை எட்டினால்தான் காப்பீட்டில் சேரும் என்று அப்போது சொல்லிவைத்தேன். கன்றுகள் நான்காண்டைக் கடந்து நிற்கின்றன. விண்ணப்பம் கொடுத்தாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.