ஃபியூஸ் கட்டை

கோவை கணபதியில் லைன் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர் கேட்டார்: ''மூணு மாசமா வாடகை வரலீங்க. ஃபியூஸ் கட்டையப் புடுங்கிட்டா என்னங்க?''

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத பாக்கிக்கே நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றம் போகலாம். ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். தண்ணீரையும் கரண்ட்டையும் மட்டும் நிறுத்தக் கூடாது.

பி.காம் புத்தி, எனக்கே இது ஓரவஞ்சனையாகத்தான் பட்டது. ஆனால், வாக்குத் தவறியவர் லேத் பட்டறைக்காரர். இருட்டில் உட்காரப்போவது பத்தாவது படிக்கும் அவர் மகள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அவளா?

''அப்ப என்ற லோனை யாருங்க கட்டுவாங்க?'' என்றார் நண்பர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டீஸை மட்டும் சேர்ந்து எழுதினோம்.