தாச்சி எண்ணெயும் அறமும்

பருத்தித்துறை வடையையும் யாழ்ப்பாணத்துக் கொத்துரொட்டியையும் விரும்பாதார் நம்மில் யார்? ஆயினும் வடைத் தாச்சியில் எண்ணெய் எத்தனையாவது முறையாகக் கொதிக்கின்றதென்று நாம் கேட்பதில்லை. பலமுறை காய்ச்சிய எண்ணெயில் உடலுக்கு ஊறு செய்யும் பொருள்கள் பெருகுகின்றன என்கிறது விஞ்ஞானம்.

"நல்ல கடையைத் தேடிப் போகலாமே" என்பர் சிலர். கையில் அன்றைய கூலி மட்டுமே உள்ள தொழிலாளிக்கு ஏது தெரிவு? வடை சுட்டுப் பிழைப்பவரைப் பழிப்பதும் நீதியன்று. எண்ணெயைக் கொட்டினால் அவரது வருவாயும் கூடவே கொட்டுண்டு போகும்.

பெருநிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பலாமா? அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் 1990இல் மாட்டுக் கொழுப்பைக் கைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறிற்று. இதயத்துக்கு நன்மை என்றனர். பகுதியளவு ஹைதரசனேற்றிய அந்த எண்ணெயில் இருந்த டிரான்ஸ் கொழுப்போ அதனினும் தீயதென்பது பின்னர் புலனாயிற்று.

உறுதியான மாற்றத்தைச் சட்டமே தந்தது. 2003இல் டென்மார்க், 100 கிராம் கொழுப்பில் அத்தகைய டிரான்ஸ் கொழுப்பு 2 கிராமுக்கு மேற்படலாகாதென விதித்தது. 2006இல் நியூயோர்க் நகரமும் சிறிய, பெரிய உணவகங்கள் யாவற்றுக்கும் வரம்பு கட்டியது.

ஆனால் எளியவரைத் தண்டிப்பதோடு சட்டம் நின்றுவிடின் அது அறமாகாது. நமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சிறு கடைகளுக்கு நல்ல எண்ணெயை நியாய விலையில் வழங்கட்டும். பழகிய எண்ணெயை விலை கொடுத்து மீளப் பெற்றுச் சவர்க்காரம் செய்யட்டும். அதன் பின்னரே வடை சுடுபவரிடம் நாம் நேர்மையைக் கோரும் உரிமை பெறுவோம்.