முதல் பந்தியும் கடைசிப் பந்தியும்



பிரசங்கம் முடிந்து திருவிருந்து ஆரம்பிக்கும் நேரத்தில், பின்வரிசையில் சிலர் வேதாகமத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு மெல்ல வெளியே போவார்கள். கேட்டால், "எனக்குத் தகுதியில்லை ஐயா" என்பார்கள். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு இருக்கும், கோர்ட்டில் வழக்கு நடக்கும். அபாத்திரமாய்ப் பந்தியில் சேர்ந்தால் ஆக்கினை வரும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பவுல் அதை யாரைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்துகொண்டு பயப்படுவோமே.

அவர் எழுதியது கொரிந்து சபைக்கு. கொரிந்து ஒரு துறைமுகப் பட்டணம். சபையில் செல்வரும் உண்டு, அடிமைகளும் உண்டு. அப்போது கோயில் கட்டடம் ஏது? வசதியுள்ள ஒருவர் வீட்டில்தான் கூடுவார்கள். ரோமர் காலத்துப் பெரிய வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று பக்கமும் சாய்வு மஞ்சம் போட்டிருக்கும்; ஒன்பது பேர் சாய்ந்து சாப்பிடலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடையாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைச் சட்டமாக்கியது கி.பி. 321-ல்தான். மூட்டை தூக்குகிறவனும் வீட்டு அடிமைப் பெண்ணும் எஜமான் விட்ட பிறகுதானே வர முடியும்? அவர்கள் வந்து சேருவதற்குள் உள்ளே இருந்தவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்காரர் இலைக்குப் பாயசம் எட்டாமல் போவதுபோல, அங்கே அப்பமே எட்டவில்லை. ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறானே என்று பவுல் கொதித்துப்போகிறார்.

அபாத்திரம் என்ற கண்டிப்பு அந்தக் கோபத்திலிருந்துதான் வருகிறது. அதனால்தான் அந்தக் கண்டிப்பு உள்ள அதிகாரத்தை முடிக்கும்போது, கூடி வந்தால் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். தன்னைத்தான் சோதித்தறியவும் சொல்கிறார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சோதித்துவிட்டுப் புசிக்கச் சொல்கிறாரே தவிர, எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. முதல் திருவிருந்தில் யார் யார் இருந்தார்கள், பாருங்கள். விடிவதற்குள் மறுதலிக்கப்போகிற பேதுரு இருந்தார். லூக்கா எழுதியபடி பார்த்தால், அப்பமும் பாத்திரமும் கொடுத்தான பிறகும் காட்டிக்கொடுக்கிறவனுடைய கை அதே மேஜையில் இருந்தது.

கொரிந்து வீடு நமக்கு ரொம்பத் தூரமும் இல்லை. நம் தமிழ்ச் சபைகளிலேயே ஜாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்து, தனித்தனியாகப் பந்திக்கு வந்த காலம் உண்டு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் அந்த வேறுபாடெல்லாம் அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையையே விட்டுப் போனார்கள். பந்தியை விட்டாலும் விடுவோம், வரிசையை விடமாட்டோம் என்றார்கள்! அவர்களுக்குத் தகுதியைப் பற்றிய பயம் இருந்ததாகத் தெரியவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் உருவானது. 1950-ல் வந்த அதன் திருவிருந்து ஒழுங்கில், சமாதானம் கொடுக்கும் பழக்கத்தைச் சிரியன் சபையாரிடமிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். கொடுக்கிறவர் வலது உள்ளங்கையைப் பெறுகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் மற்றவர் கையை மூடிக்கொள்ள வேண்டும். பீடத்தில் தொடங்கி, பெஞ்சு பெஞ்சாகக் கடைசி ஆள் வரைக்கும் அது போகும். இப்போது நாம் நின்ற இடத்திலேயே அவசரமாக ஒரு கும்பிடு போட்டு முடித்துக்கொள்கிறோம். வழக்குப் போட்ட அண்ணன் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாதா? இன்றைக்குச் சமாதானம் கொடுக்கும்போது இடத்தை விட்டு நடந்து போகலாம். வரிசை குலைந்தால் குலையட்டும், நான் காத்திருக்கிறேன்.

கோயிலுக்கே வர முடியாதவர்களையும் மறக்கக்கூடாது. சுமார் கி.பி. 155-ல் ரோமில் ஜஸ்டின் என்பவர் தங்கள் ஞாயிறு ஆராதனையை விவரித்து எழுதினார். வர முடியாதவர்களுக்கு டீக்கன்மார் அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோவார்களாம். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகுமாம். நம் தெருவில் படுக்கையில் கிடக்கிற பெரியவர்கள் யார் யார் என்று உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். ஆராதனை முடிந்ததும் நானும் அவரும் புறப்படுகிறோம். கூட வர விருப்பமுள்ளவர்கள் கோயில் வாசலில் நில்லுங்கள்.